பிழைத்த மீன்

"அன்னே மீனு ஒடம்புல வெல்ல புல்லி வந்துகீது. சாப்ட மாட்டுது. இன்னா பன்னலாம்"

போன வருஷம் ஆடி மாதத்தில் ஒரு ராத்திரி, பத்தரை மணி இருக்கும், எங்கள் பைட்டர் மீன் வாட்ஸப் குழுவில் இந்தச் செய்தி வந்தது. கூடவே ஒரு படம். நான் படத்தைத் திறக்கவில்லை. முதலில் பிழைகளை எண்ணினேன். அன்னே, வெல்ல, புல்லி, பன்னலாம். நான்கு. 'ஒடம்பு', 'வந்துகீது', 'இன்னா' எல்லாம் எங்கள் வடசென்னைப் பேச்சு என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த அளவுக்கு நியாயமானவள்தான் நான்.

எண்ணி முடித்து நிமிர்வதற்குள் மூன்று பேர் பதில் போட்டுவிட்டார்கள். "ஈட்டர் இர்ந்தா 30ல வெய்." "கல்லுப்பு போடு தல." மூன்றாவது பதில் எங்கள் மாஸ்டருடையது: "புல்லி போய்ட்சினு மர்ந்த நிருத்தாத. அது கீய வுயுந்து குட்டி போட்டு திர்ப்பி வரும்."

வெள்ளைப் புள்ளி நோயைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் படித்ததில்லை. மீனின் தோலுக்கடியில் உட்கார்ந்திருக்கும் ஓர் ஒட்டுண்ணிதான் அந்தப் புள்ளி. அங்கே இருக்கும்வரை மருந்து அதைத் தொடாது. பெருத்தபின் உதிர்ந்து தொட்டியின் அடியில் போய் ஒட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கில் பெருகும். அந்தக் குட்டிகள் அடுத்த மீனைத் தேடி நீந்தி வருகிற நேரத்தில்தான் மருந்து அவற்றைப் பிடிக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் இந்தச் சுற்று சீக்கிரம் முடியும், அதற்குத்தான் ஹீட்டர். புள்ளி மறைந்ததும் மருந்தை நிறுத்துகிறவர்களுக்கு இரண்டாவது தடவை இன்னும் மோசமாக வரும். அத்தனையும் 'கீய வுயுந்து குட்டி போட்டு' என்பதற்குள் இருக்கிறது. எனக்கு அப்போது கண்ணில் பட்டது 'நிருத்தாத' மட்டும்தான்.

எனக்குப் பிழைப்பே பிழை பார்ப்பதுதான். மண்ணடிப் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கும் அச்சகத்தில் பத்தொன்பது வருஷமாக ப்ரூஃப் பார்க்கிறேன். கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக நோட்டீஸ், பள்ளிக்கூட கைடு, கண்ணீர் அஞ்சலி போஸ்டர். சேர்ந்த புதிதில் ஒரு பத்திரிகையில் 'வரவேர்ப்பு' என்று இருந்ததை விட்டுவிட்டேன். எண்ணூறு கார்டு. திரும்ப அடித்த செலவில் பாதி என் சம்பளத்தில் கழிந்தது. அந்த மாதத்திலிருந்து கண் தானாகவே எழுத்து எழுத்தாகத்தான் போகிறது. சாவுக்குப் போனால்கூட சுவரில் ஒட்டிய போஸ்டரில் ஒற்று விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

மீன் வந்த கதை சின்னது. மகன் ஏழாவது படிக்கும்போது கொளத்தூரில் ஒரு பைட்டர் வாங்கிக் கொடுத்தேன். வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கும் ஊர் அது. ஞாயிற்றுக்கிழமை போனால் பாலித்தீன் பையும் கையுமாகத்தான் எல்லோரும் திரும்புவார்கள். அவனுக்கு ஆறு மாதத்தில் அலுத்துவிட்டது, எனக்கு அலுக்கவில்லை. இப்போது தண்டையார்பேட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே நான்கு தட்டு அலமாரி முழுக்கப் பாட்டில்கள். இரண்டு ஆண் பைட்டரை ஒரே தொட்டியில் விட முடியாதே. தலைக்கு ஒரு பாட்டில்.

மாஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொளத்தூர்க்காரர். மொட்டை மாடியில் சிமெண்ட் தொட்டி கட்டி முப்பது வருஷமாகக் குஞ்சு எடுப்பவர். ஐந்தாவது வரைதான் படிப்பு. ஆவணி மாதத்தில் ஒரு நாள், யாரோ புதுப்பையன் கேட்டான் என்று, பைட்டரை எப்படி பிரீட் செய்வது என்று நீளமாக எழுதினார். அதன் கடைசிப் பகுதி இது:

"ஆன் மீன் நொரை கூடு கட்டும். முட்டைய வாய்ல புடிச்சி கூட்ல வெக்கும். முட்ட போட்டு முட்ச்சதும் பொட்டய எட்துரு இல்லனா ஆன் அடிச்சி கொன்னுரும். ஒன்ற நாள்ல முட்டை பொறிக்கும். குஞ்சி நேரா நீந்த ஆரம்பிச்ச பின்னாடி ஆனையும் எட்துரு."

எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. "ஆனையும் இல்லை மாஸ்டர், ஆணையும். ஆனை என்றால் யானை. முட்டை பொறிக்காது, பொரிக்கும். பொறி என்றால் எலிப்பொறி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு சிரிப்பு பொம்மையும் போட்டேன். கிண்டல் இல்லை என்று காட்டத்தான் அந்தப் பொம்மை. அதுதான் வினையாகப் போயிற்று. எட்டுப் பத்துப் பேர் சிரித்தார்கள். ஒருவன் யானை குளிக்கிற படத்தைப் போட்டு, "மாஸ்டர் தொட்டி பத்தல" என்றான். ராத்திரி முழுக்க யானைதான் ஓடியது.

அதற்கப்புறம் மாஸ்டர் மூன்று வாரம் எழுதவில்லை. ஊருக்குப் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். அந்த மூன்று வாரத்தில் இன்னொன்றும் நடந்தது, அதை நான் மெதுவாகத்தான் கவனித்தேன். காசிமேட்டிலிருந்து ஒரு தம்பி இருக்கிறான், போட் என்ஜின் மெக்கானிக். குவார்ட்டர் பாட்டிலில் மீன் வைத்திருப்பவன். அதுவரை 'தல இத பாரு' என்று படபடவென்று போடுகிறவன், இப்போது ஒவ்வொரு செய்தியின் தலையிலும் "தப்பா இர்ந்தா மன்னிச்சிடுங்க அக்கா" என்று ஒரு வரி சேர்க்க ஆரம்பித்தான். குழுவில் 'அக்கா' நான்தான். நாலைந்து நாளில் அவன் செய்தியும் குறைந்தது.

மாஸ்டர் திரும்பி வந்தபோது குரல் பதிவாக வந்தார். ஆறு நிமிஷம், ஏழு நிமிஷம். பின்னால் ஏர் பம்பு இரைகிறது, குக்கர் விசில் அடிக்கிறது, யாரோ வாசலில் வந்து தண்ணி லாரி எப்போது வரும் என்று கேட்கிறார்கள், அவர் அதற்கும் பதில் சொல்கிறார். நமக்கு வேண்டிய ஒரு வரி ஐந்தாவது நிமிஷத்தில் எங்கோ இருக்கும். நான் மூன்று தடவை கேட்டு ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்வேன்.

புரட்டாசியில் நான்கு நாள் விடாத மழை. தண்ணீர் சட்டென்று குளிர்ந்து என் மீன் ஒன்றுக்கே வெள்ளைப் புள்ளி வந்தது. பழைய செய்திகளில் இருக்குமே என்று குழுவுக்குள் தேடினேன். 'வெள்ளைப் புள்ளி' என்று அடித்தேன். ஒரே ஒரு விடை. அதுவும் நான் எழுதியது.

அப்புறம் 'வெல்ல புல்லி' என்று அடித்துப் பார்த்தேன். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. இரண்டு வருஷத்துச் சரக்கு. எந்த மருந்து எந்த மாதத்தில் கேட்டது, எது கேட்கவில்லை, பாதாம் மரத்து இலையைக் காயவைத்துப் போட்டால் எத்தனை நாளில் தண்ணீர் டீக்கலருக்கு வரும், உப்பு போட்டால் எந்தச் செடி கருகும். 'மர்ந்து' என்று தேடினால் ஒரு குவியல், 'மறுந்து' என்றால் இன்னொரு குவியல். சரியாக எழுதினால் இந்தக் குழுவில் ஒன்றும் கிடைக்காது. யானை நாளுக்கு அப்புறம் தப்பாக எழுதினாலும் கிடைக்காது, குரல் பதிவுக்குள் தேட முடியாதே.

அடுத்த ஞாயிறு, மீன்குஞ்சுகளுக்குத் தீனியாகப் பொரிக்கவைக்கிற ஆர்டீமியா முட்டை வாங்குகிற சாக்கில் கொளத்தூர் போய், அட்மினிடம் விலாசம் கேட்டு, மாஸ்டர் வீட்டு மாடி ஏறினேன். மன்னிப்புக் கேட்க வார்த்தையெல்லாம் தயார் செய்துகொண்டு போயிருந்தேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. "வாம்மா" என்று அழைத்து நேராகத் தொட்டியடிக்குக் கூட்டிப்போனார். ஒரு மூலையில் ஆண் மீன் நுரைக்கூட்டுக்கடியில் காவல் நின்றது. குஞ்சுகள் கமாவைப் போலத் தலைமேலாக, வால் கீழாகத் தொங்கிக்கொண்டிருந்தன. ஒன்று நழுவி விழுந்தது. ஆண் கீழே பாய்ந்து வாயில் கவ்வி எடுத்துவந்து மறுபடி நுரையில் துப்பியது. "ராத்திரி பூரா இத்தான் வேல அதுக்கு" என்றார்.

பிறகு ஒரு மருந்துக் குப்பியை நீட்டி, "இதுல இன்னா போட்ருக்கு, கொஞ்சம் படிம்மா" என்றார். கண்ணாடி போட்டிருக்கிறாரே என்று பார்த்தேன். அதைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "போன்ல ஒண்ணும் தெரிய மாட்டுது. ரெண்டு சுழியா மூணு சுழியான்னு எனக்கு எங்க தெரியுது, கை எதுல படுதோ அதுதான்" என்றார். அன்றைக்கு எழுதியதை ஒற்றை விரலால் முக்கால் மணி நேரம் அடித்தாராம். "பையன் புதுசு, கேட்டான், அதான்."

குப்பியில் இருந்ததைப் படித்துக் காட்டினேன். அளவு அவருக்கு மனப்பாடம். விலை ஏறிவிட்டதா என்பதற்காகத்தான் படிக்கச் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அப்பா ஞாபகம். அவர் மண்ணடியில் அச்சுக்கோத்தவர். ஈய எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பது போலத் திருப்பிப் படிக்கிறவர். 1978-ல் எழுத்துச் சீர்திருத்த ஆணை வந்து பதின்மூன்று எழுத்துகள் வடிவம் மாறின. ணா, றா, னா எல்லாம் சுழி போய்த் துணைக்காலுக்கு வந்தன. ணை, லை, ளை, னை நான்கும் அதுவரை முன்னால் தும்பிக்கை தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தத் தும்பிக்கை போயிற்று. ஆக, அப்பா காலத்தில் 'ஆனை' என்று எழுதினால் அதில் நிஜமாகவே ஒரு தும்பிக்கை இருந்தது. புது வடிவம் வந்த ஆரம்பத்தில் அப்பா கண்ணுக்கு அதெல்லாம் பிழையாகவே தெரிந்ததாம். கொஞ்ச நாளில் பழையது பிழை ஆகிவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த கண் அதேதான்.

இன்னும் பின்னால் போனால் ஓலைச்சுவடி. அதில் மெய்யெழுத்துக்குப் புள்ளியே வைப்பதில்லை, எகர ஏகார வேறுபாடும் கிடையாது. படிக்கிறவன் இடம் பார்த்துப் போட்டுக்கொள்வான். 'ஆனையும் எட்துரு' என்று படித்த யாராவது தொட்டிக்குள் யானையைத் தேடினார்களா? இல்லை. எனக்கும்தான் முதல் வாசிப்பிலேயே புரிந்தது. புரிந்த பிறகுதான் திருத்தினேன்.

இதைச் சொல்வதால் என் தொழிலைக் குறைத்துச் சொல்வதாக நினைக்க வேண்டாம். நாங்கள் காசு வாங்கிக்கொண்டு அடிக்கிறோம். 'வரவேர்ப்பு'க்கு என் சம்பளத்தைப் பிடித்தது சரிதான். கடையில் விற்கிற மீன் மருந்தின் தமிழ் லேபிள் கண்றாவியாக இருந்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். ஆனால் ராத்திரி பத்தரை மணிக்கு, முகம் தெரியாத எவனோ வளர்க்கிற மீனுக்காக ஒற்றை விரலால் அடிக்கிறவரிடம் அதே சிவப்புப் பேனாவை நீட்டியது சின்னத்தனம். சரி, இதோடு முடிந்திருந்தால் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

தீபாவளிக்கு முந்தின வாரம். பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் மகனுக்குச் சட்டை எடுக்கப் போயிருந்தேன். அந்தத் தெருவை அந்த வாரத்தில் பார்த்தவர்களுக்குத் தெரியும், நடக்க வேண்டாம், கூட்டமே தூக்கிக்கொண்டு போய் விடும். இரண்டு பக்கமும் கடைப்பையன்கள் ஸ்டூல் மேல் ஏறி நின்று விலை கூவுகிறார்கள். அப்போது எண்ணூரிலிருந்து ஒரு பெண் குழுவில் அவசரமாகக் கேட்டாள்: தொட்டியில் எல்லா மீனுக்கும் புள்ளி, பச்சை மருந்து வாங்கி வைத்திருக்கிறேன், எவ்வளவு ஊற்றுவது? பச்சை மருந்து என்று நாங்கள் சொல்வது மலக்கைட் கிரீன் கலந்த மருந்தை. நன்றாகக் கேட்கும், அளவு தப்பினால் மீனையே கொன்றுவிடும்.

அவள் தொட்டிக்கு அந்தக் குப்பியில் அரை மூடி. எனக்குத் தெரியும். இரண்டு கையிலும் பை. போனை வாய்க்குப் பக்கத்தில் வைத்துச் சொன்னேன், அது எழுதிக்கொண்டது. அனுப்புவதற்கு முன், பழக்கதோஷம், ஒரு ஓரமாக ஒதுங்கி நின்று படித்தேன். 'வெள்ளை புள்ளிக்கு' என்று இருந்தது. ப் விழவில்லை. பையைக் கீழே வைத்துவிட்டு அந்த ஒற்றைச் சேர்த்தேன். அனுப்பினேன்.

"வெள்ளைப் புள்ளிக்கு அந்த மருந்தில் ஆறு மூடி ஊற்றுங்கள். விளக்கை அணைத்துவிடுங்கள்."

எந்தக் கடைக்காரன் கூவிய ஆறோ, நான் சொன்ன அரையே அப்படிக் கேட்டதோ. இலக்கணப்படி அதில் ஒரு குறையும் இல்லை. எழுத்துப் பிழை கிடையாது, ஒற்று சரியாக மிகுந்திருக்கிறது, 'ஊற்றுங்கள்' என்று மரியாதை வேறு. அச்சுக்கு அப்படியே அனுப்பலாம்.

சட்டைக்கு பில் போட நிற்கும்போது போன் அதிர்ந்தது. காசிமேட்டுத் தம்பி. மன்னிப்பு வரி இல்லாமல் முதல் தடவையாக:

"அக்கா ஆரு இல்ல அறை மூடி!!! அறை. ஆரு ஊத்னா மீனு அல்லாம் காலி. ஏ எண்ணூர் அக்கா ஊத்தாத நிருத்து"

ஆரு தப்பு. அறை தப்பு; அறை என்றால் கன்னத்தில் விழுவது, அல்லது வீட்டில் இருப்பது. நிருத்து தப்பு. அளவு மட்டும் சரி. அந்தக் கூட்டத்தில் எனக்கு வியர்த்துக் கொட்டியது.

எண்ணூர்ப் பெண் நான்கு மூடி ஊற்றிவிட்டுத்தான் போனைப் பார்த்திருக்கிறாள். உடனே மாஸ்டரின் குரல் பதிவு வந்தது. வழக்கத்துக்கு மாறாகப் பதினோரு வினாடிதான். "தண்ணிய பூரா மாத்து. நேத்து புடிச்சி வெச்ச தண்ணிதான் ஊத்தணும், கொழா தண்ணிய நேரா ஊத்திராத, அதுல குளோரின் இருக்கும்." நல்லவேளை, எண்ணூரில் தண்ணீர் பிடித்து வைக்காத வீடு ஏது, அவளிடம் இரண்டு குடம் இருந்தது. நான் சட்டையை அங்கேயே கவுண்டரில் விட்டுவிட்டு வெளியே வந்து அவளைக் கூப்பிட்டேன். அவள் அழுதுகொண்டே தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். நான் மன்னிப்புக் கேட்கக் கேட்க, "இருங்க அக்கா, அப்பறம் பேசறேன்" என்று வைத்துவிட்டாள்.

அன்று ராத்திரி யாரும் என்னைக் கிண்டல் செய்யவில்லை. யானைப் படம் போட்டவன்கூட ஒன்றும் போடவில்லை. அவர்கள் போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஏழு கப்பி மீனும் ஒரு பைட்டரும் இருந்த தொட்டி அது. விடிவதற்குள் இரண்டு கப்பி செத்துப்போயின. காலை ஆறரைக்கு அவளிடமிருந்து செய்தி: "ரெண்டு போச்சி அக்கா. பைட்டர் பொயச்சிகிச்சி." அந்தச் சொல்லைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். கொளத்தூரில் ஒரு ஜோடி கப்பி வாங்கிக்கொண்டு அந்த ஞாயிறே எண்ணூர் போய் வந்தேன்.

இப்போது குழுவில் மருந்தளவை எண்ணிலும் எழுத்திலும் சேர்த்துத்தான் எழுத வேண்டும் என்று அட்மின் சொல்லிவிட்டார். '0.5 அரை.' காசோலை எழுதுகிற மாதிரி. அந்த இடத்தில் மட்டும் யார் யாரை வேண்டுமானாலும் திருத்தலாம், மாஸ்டரையும்கூட. அரையும் ஆறும் மாறினால் படிக்கிறவன் இடம் பார்த்துப் போட்டுக்கொள்ள வழியில்லையே.

கார்த்திகை விடுமுறையில் மாஸ்டரின் குரல் பதிவுகளையெல்லாம் உட்கார்ந்து கேட்டு, வெள்ளைப் புள்ளிக்கு மட்டும் ஒரு குறிப்பு தயாரித்தேன். என் தமிழில்தான் எழுதினேன். எனக்கு வேறு மாதிரி எழுத வராது. முடித்தபிறகு ஒரு யோசனை: இதை யார் தேடினாலும் கிடைக்க வேண்டுமே. குறிப்பின் தலையில் ஒரு வரி சேர்க்க உட்கார்ந்தேன். வெல்ல புல்லி, வெல்லை புல்லி, வெள்ள புள்ளி, வெல்ல புள்ளி. பத்தொன்பது வருஷத்தில் வேண்டுமென்றே தப்பாக அடிப்பது இதுதான் முதல் தடவை. போன் விடவில்லை. நான் 'வெல்ல புல்லி' என்று அடிக்க, அது 'வெள்ளைப் புள்ளி' என்று திருத்த, நான் அழிக்க, அது மறுபடி திருத்த. அந்த ஒற்றையும் மறக்காமல் போடுகிறது, சனியன். நாலைந்து தடவை மல்லுக்கட்டி ஒருவழியாக உட்காரவைத்தேன்.

குழுவில் போடுவதற்கு முன், அளவெல்லாம் சரியா என்று பார்க்கக் காசிமேட்டுத் தம்பிக்குத் தனியாக அனுப்பினேன். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது.

"அளவு அல்லாம் கரீட்டு அக்கா. மேல மொத லைன்ல வெல்ல புல்லி ரெண்டு வாட்டி வந்துகீது. ஒன்னு எட்துரு."